விரல் மரியாதை

மாரிசெல்வியின் போனில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும். அந்த ஐந்தாவது விரல் ஏறிய அன்றைக்கு, மம்சாபுரத்தில் அந்த வீட்டுக்குள் நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள், பாயில் சாய்ந்து கிடந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

போனை வாங்கியது அவள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பில் போடுகிற வேலை அவளுக்கு. பி.காம். முடித்தவள். அவள் வம்சத்தில் அவளுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அப்பா அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆம்பளை என்றால் அண்ணன் சங்கிலிப்பாண்டி. அவனுக்கு மேலே ஓர் ஆம்பளை வேண்டுமே, அது தாய்மாமன் சிவனாண்டி.

புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அண்ணன் கட்டைவிரலை நீட்டினான்.

“மொதல்ல என் வெரலை ஏத்து.”

“உனக்குத்தான் போன் இருக்குல்ல.”

“இருந்தா? வீட்டுப் பொம்பளப்பிள்ள போனு எனக்குத் திறக்காட்டி, வேற எவனுக்குத் திறக்கப் போவுது?”

வலது கட்டைவிரல் ஏறியது. உடனே இடது கையையும் நீட்டினான். அவன் விசைத்தறியில் நிற்கிறவன், வலது கையில் எந்நேரமும் எண்ணெய்ப் பிசுக்கு, அதனால் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமாம். மறுநாள் கறிச்சோறு தின்ன வந்த மாமன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணன்காரனுக்கு ரெண்டு. மாமனுக்கு ஒண்ணும் இல்லையாக்கும்?”

அவருக்கும் ஏற்றினாள். மாமன் கைநாட்டு. வாழ்நாள் முழுக்க எந்த ஆபீசுக்குப் போனாலும் மையைத் தொட்டு உருட்டி, வெளியே வந்து சுவரில் தேய்த்துவிட்டு நடந்த விரல். அது பட்டதும் போன் வெளிச்சம் போட்டு எழுந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. “இம்புட்டு நாளா இந்த வெரலைக் கேவலமா நெனச்சேனேடி,” என்று அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு தடவை திறந்து மூடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி அவருக்கு அக்கறையும் இல்லை. திறக்கிறதா, அது போதும்.

அந்தப் போன் ஐந்து விரல்களுக்கு மேல் ஏற்காது. மிச்சம் இருந்த இரண்டு இடத்தில் மாரிசெல்வி தன் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துக்கொண்டாள்.

விரல் போக அதற்கு ஒரு நம்பர் பூட்டும் இருந்தது. அந்த நம்பர் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மறைத்து வைத்திருந்தாள் என்பதில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எழுத்து, நம்பர், பாரம், ஓடிபி என்று எது வந்தாலும் “படிச்ச புள்ளைகிட்டக் குடு” என்று அவள் தலையில் வந்து விழும். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி, சாணி அள்ளுகிற மாதிரி, அதுவும் ஒரு வேலை. விரல் உரிமை. நம்பர் வேலை. ஒரு விரலை ஏற்றவும் இறக்கவும் அந்த நம்பர்தான் வேண்டும் என்பதை யாரும் யோசித்ததே இல்லை.

அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை பொன்னுராஜுக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்யாணம் முடிந்ததும் மச்சினனைத் தறியிலிருந்து மீட்டுக் கடையில் உட்கார வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். அதனால் சங்கிலிப்பாண்டி அவன் முன்னால் கைலியை மடித்துக் கட்டுவதில்லை. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு.

மாரிசெல்விக்கு வேறு பேச்சு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளோடு படித்த சிவரஞ்சனி வீட்டில் வைத்து, சிவரஞ்சனியின் போனிலேயே, ஓசூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுத்திருந்தாள். கணக்குப் பிரிவு வேலை, ஹாஸ்டல் உண்டு. மெயில் சிவரஞ்சனி போனுக்கு வரும், விண்ணப்பத்தில் மட்டும் தன் நம்பரையும் எழுதியிருந்தாள். சர்டிபிகேட் எல்லாம் சிவரஞ்சனி வீட்டு பீரோவில். கம்பெனிக்காரர்கள் சொல்வதாகச் சொன்ன நல்ல சேதி வந்துவிட்டால் அவள் ஓசூருக்குப் போவாள். வராவிட்டால் ஆவணியில் பொன்னுராஜ். நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, பால்கோவா கிண்ணம் ஒரு சுற்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நாச்சியார் கிண்ணத்தை மடியில் வைத்தபடி கேட்டாள்.

“சிவனாண்டியண்ணே, தட்டு மாத்தியாச்சு. இனி அவ எங்க வீட்டுப் பொண்ணு. எம் மகன் வெரலு அவ போன்ல ஏறணுமா, வேண்டாமா?”

“ஏறாம தாயி? மருமவளே, போனைக் கொண்டா.”

பின்னாலிருந்து ஒருத்தி கூவினாள். “மோதிர வெரலையே வைங்க மாப்ள. பொருத்தமா இருக்கும்!”

மாரிசெல்வி போனைக் கொண்டுவந்தாள். “அஞ்சுக்கு மேல ஏறாது,” என்றாள். “யார்தையாவது அழிச்சாத்தான் உண்டு.”

மாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். துண்டு தோளுக்கு ஏறினால் ஆள் எழுந்திருக்கப் போகிறார் என்று அர்த்தம்.

“யார்தைன்னு சொல்லு. கேக்கேன்.”

“மாமா, நான் ஒண்ணும்...”

“தாய்மாமன் வெரலை அழிச்சிட்டு ஒரு நிச்சயமா? அப்ப மண்டபத்துல மால எடுத்துக் குடுக்கவும் வேற மாமனைப் பாத்துக்கங்க. நான் வாரேன்.”

நாலு பேர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நாச்சியாரின் பார்வை சங்கிலிப்பாண்டி பக்கம் திரும்பியது. அவனுக்கு இரண்டு இருக்கிறதே.

“நான் தறி ஓட்டுதவன் அத்தை,” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். “வலது கைல எண்ணெ இருந்தா எடதுதான் ஒதவும்.”

“இவளுக்கு எதுக்கு ரெண்டு?” என்றான் பொன்னுராஜ். அவன் அன்றைக்குப் பேசிய முதல் வாக்கியம் அது.

எல்லாரும் சிரித்தார்கள். பிரச்சினை தீர்ந்த சிரிப்பு. மாரிசெல்வி தன் இடது கட்டைவிரலை அழித்தாள். பொன்னுராஜின் மோதிர விரலைப் போன் எடுத்து எடுத்து வைக்கச் சொன்னது. வைத்தான், எடுத்தான், வைத்தான். பெண்கள் ஒவ்வொரு தடவைக்கும் குலவை போட்டார்கள்.

குலவை அடங்குவதற்குள் நாச்சியார் தன் விரலை நீட்டிவிட்டாள்.

“எனக்கு? இவன் கடைக்குப் போயிட்டாம்னா பகலு பூரா அவ எங்கூடத்தான இருக்கப் போறா.”

இனி இருப்பது ஒன்று. மாரிசெல்வி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். வெள்ளத்தாய் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் அந்தப் போனில் என்றைக்கும் இருந்ததில்லை. அவள் கேட்டதுமில்லை, அவளைக் கேட்டவர்களும் இல்லை. ஆனால் மகள் போனில் அதிக நேரம் தட்டினால் சாயங்காலம் மகனிடம் சொல்லிவிடுவாள். அது அவளாக எடுத்துக்கொண்ட காவல் வேலை.

“குடுத்துருடி,” என்றாள் வெள்ளத்தாய். “உனக்குத்தான் நம்பரு தெரியும்லா. எங்களை மாதிரியா? நீ படிச்சவ. நம்பரு போட்டுத் திறந்துக்க.”

நாச்சியாரின் விரலில் பால்கோவா நெய். போன் ஏற்க மாட்டேன் என்றது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் மாட்டேன் என்றது. நாச்சியாரின் முகம் மாறியது. விரல் ஏறாத குற்றம் மாரிசெல்வியுடையது என்பதுபோல அவளையே பார்த்தாள். விரலைத் துடைக்கவில்லை, நீட்டியபடியே வைத்திருந்தாள். கூடமே பார்த்துக்கொண்டிருக்க, மாரிசெல்வி தன் நிச்சயப் பட்டின் முந்தியை எடுத்து மாமியாரின் விரலைத் துடைத்துவிட்டு, அதைப் பிடித்துப் பொத்தானில் வைத்தாள்.

“எல்லா வெரலும் ஒரே போன்ல, ஒத்துமையா!” என்றார் மாமன். “இதான்டா குடும்பம்.”

அதற்குப் பிறகு வந்த நாட்களில், தேநீர் நேரத்துக்குச் சரியாகப் பொன்னுராஜின் வண்டி பேண்டேஜ் கம்பெனி வாசலில் நிற்கும். கையை நீட்டுவான். அவள் போனைக் கொடுப்பாள். வண்டியில் உட்கார்ந்தபடியே மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்ப்பான். அவள் வெயிலில் நிற்பாள்.

“யார் இந்த டிரேடர்ஸ்காரன்? பொழுதடைஞ்ச பொறவு மெசேஜ் போட்டிருக்கான்.”

“பில்லு கேட்டாங்க.”

“பகல்ல கேக்கச் சொல்லு.”

கம்பெனிப் பெண்கள் டீக் கிளாஸோடு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “உன் ஆளுக்கு உம்மேல எம்புட்டுப் பாசம்டி,” என்று ஒருத்தி சொன்னாள். கேலி இல்லை. நிஜமாகவே பொறாமைப்பட்டாள். அதைத்தான் மாரிசெல்வியால் தாங்க முடியவில்லை.

வேலை கிடைத்த சேதி மெயிலில் வந்திருந்தது. சிவரஞ்சனி பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வைத்துக் காதில் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை காலை ஓசூரில் சேர வேண்டும். வருகிறேன் என்று பதில் அனுப்ப வேண்டும். மாரிசெல்வி அனுப்பவில்லை. பயம். அனுப்பிவிட்டால் போயாக வேண்டுமே என்ற பயம். படித்தவளுக்கு எல்லாம் தெரியும், தைரியம் மட்டும் பாடத்தில் இல்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை, ரவிக்கை அளவு கொடுக்க வரச் சொல்லி நாச்சியார் ஆள் அனுப்பினாள். ராஜபாளையத்துக்குப் போனாள். வீட்டில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அளவு எடுக்கிறவள் டேப்பை மார்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நாச்சியார் கட்டிலில் கிடந்த போனை எடுத்துத் திறந்தாள்.

நாச்சியார் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மாரிசெல்வி சிவரஞ்சனிக்கு அனுப்பியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, உரக்க வாசித்தாள். “இந்த... மாசம்... ரொம்ப... வலி... துணி... நனைஞ்சு...” தெருப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு படங்களுக்குப் போனாள். உதட்டுச் சாயம் பூசிக் கண்ணாடி முன்னால் நின்று அவள் எடுத்துக்கொண்ட படம் ஒன்று கை மாறிக் கை மாறிச் சுற்றியது.

“உதட்டுல என்ன மருமவளே, கோழி ரத்தமா?”

“கோழிய அப்படியே பச்சையாத் தின்னிருக்கா மதினி!”

அளவெடுக்கிறவள் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துவிட்டு, “கையத் தூக்கு தாயி,” என்றாள். மாரிசெல்வி கையைத் தூக்கினாள். அப்போது போன் அடித்தது. நாச்சியார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாரிசெல்விங்களா? ஓசூர்ல இருந்து பேசறோம். திங்கட்கிழமை ஜாயின் பண்றதுக்கு இன்னும் நீங்க கன்ஃபர்ம் பண்ணலையே?”

நாச்சியார் மாரிசெல்வியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோய் நிதானமாகச் சொன்னாள்.

“அவ மாமியா பேசுதேன். அவ எங்கயும் வரமாட்டா. இனி இந்த நம்பருக்குக் கூப்பிட்டிய, செருப்பு பிஞ்சிரும்.”

வைத்துவிட்டாள். பெண்கள் பக்கம் திரும்பினாள். “பாத்தியளா? ஓடுறதுக்கு வழி பண்ணிட்டு நிச்சயத்துக்கு உக்காந்திருக்கா.” நாச்சியார் போனை மாரிசெல்வி மேல் எறிந்தாள். “உங்க மாமனையும் அண்ணனையும் கூப்பிடு. பேரெல்லாம் இங்கிலீசுல எழுதி வச்சிருக்க, எனக்கு ஒரு எழவும் புரியல. நீயே கூப்பிடு. உன் வாயாலயே கூப்பிடு.”

எழுத்து வேலை. அது அவளுடையதுதானே.

“உள்ள டவர் கிடைக்காது அத்தை. கொல்லைக்குப் போறேன்.”

கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று நம்பரைப் போட்டாள். முதலில் ஓசூருக்குத்தான் கூப்பிட்டாள்.

“நான்தான் மாரிசெல்வி. நான் வாரேன். திங்கட்கிழமை கண்டிப்பா வாரேன்.”

அந்தப் பக்கத்துப் பெண் சொன்னாள். “இதப் பாருங்கம்மா, உங்க வீட்டுச் சண்டையெல்லாம் எங்களால பாத்துட்டு இருக்க முடியாது. திங்கட்கிழமை காலைல நேர்ல நின்னா வேலை. இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போன் போட்ருவேன். அவங்க லைன்ல நிக்கறாங்க.”

வைத்துவிட்டாள். பேசியதற்கான தடத்தை மாரிசெல்வி அழித்தாள். பிறகுதான் அந்தக் கோபம் வந்தது. ஏழெட்டு மாதமாக வராதது, நிச்சயத்தன்று வராதது, கம்பெனி வாசலில் வெயிலில் நின்றபோது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. விரல்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். முதலில் நாச்சியாரை அழித்தாள். அடுத்துப் பொன்னுராஜ். அண்ணனின் வலது, அண்ணனின் இடது. மாமனைக் கடைசியாக அழித்தாள். மாமன் அல்லவா, அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும். அப்புறம் அவருக்கே போன் போட்டாள்.

“மாமா, அத்தை உடனே வரச் சொன்னாவ. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க.”

உள்ளே வந்து இரண்டு கையாலும் போனை நீட்டினாள். “இந்தாங்க அத்தை.”

நாச்சியார் விரலை வைத்தாள். திறக்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை. ஆள் அனுப்பியதும் கடையிலிருந்து ஓடிவந்த பொன்னுராஜ் மோதிர விரலை வைத்தான், அழுத்தினான், தட்டினான். “மூஞ்சியக் காட்டுனாத் திறக்கும்,” என்று போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அவள் அதை என்றைக்கும் பதிந்ததில்லை. போன் அவளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

சங்கிலிப்பாண்டியும் மாமனும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். அண்ணன் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தான். மாமன் தன் முறைக்குக் காத்திருந்து, விரலை வேட்டியில் தேய்த்து, பயபக்தியோடு வைத்தார். வெளிச்சம் வரவில்லை. விரலைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“தேஞ்சு போச்சோ?”

“தேயல,” என்றான் பொன்னுராஜ். “அழிச்சிட்டா. எல்லாத்தையும் அழிச்சிட்டா.”

மாமனுக்கு அது உள்ளே போக நேரம் எடுத்தது. போனதும் துண்டு தோளுக்கு ஏறியது. “என் வெரலையா? தாய்மாமன் வெரலையா?” இந்தத் தடவை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை. “இனி அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்,” என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். கல்யாணம், ஓசூர், ஓட்டம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை.

சங்கிலிப்பாண்டி தங்கையின் வலது மணிக்கட்டைப் பிடித்தான். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினான். பிறகு ஆள்காட்டி. பிறகு நடு. ஒவ்வொன்றாக ஐந்தும். இடது கையைப் பிடித்து அதிலும் ஐந்து. போன் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. அவளும் கையை இழுக்கவில்லை, கொடுத்துவிட்டு நின்றாள். ஒரே ஒரு கட்டைவிரலை அவளுக்கு விட்டு வைத்திருந்தால், அதுவே இப்போது அவர்களுக்குச் சாவியாக இருந்திருக்கும். மணிக்கட்டைப் பிடித்து வைத்தால் போதும், எல்லாம் திறந்திருக்கும். விரலுக்கு வாயில்லை, யார் பிடித்து வைத்தாலும் ஆமாம் என்று சொல்லும். அதைத்தான் கூடம் நிறையச் சிரித்து அழிக்க வைத்தார்கள்.

“நம்பரைச் சொல்லு.”

சொல்லவில்லை. இடது கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்தான். எங்கோ குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சொல்லவில்லை. அளவெடுக்கிறவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள்.

பொன்னுராஜ் தெருமுனைச் செல்போன் கடைக்கு எடுத்துப் போய் வந்தான். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தரலாம், திறந்து தர முடியாது என்று கடைக்காரன் கைவிரித்துவிட்டானாம்.

“அழிக்கவா நாங்க கேக்கோம்?” என்றாள் நாச்சியார். “உள்ள எவன் இருக்கான்னுல்ல பாக்கணும். சங்கிலி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள திறந்து காட்டுனியனா கல்யாணம். இல்லாட்டி உன் தங்கச்சியும் உன் தறியும் உன்னோட.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவளைச் சிவரஞ்சனி வீட்டுக்கு என்ன, வாசலுக்குக்கூட விடவில்லை. கட்டைவிரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. சங்கிலிப்பாண்டி காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்தான். அண்ணன் நிலைமையை நினைச்சுப் பாரு என்றான். சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்துச் சத்தியம் கேட்டான். பெல்ட்டை எடுத்தான். அவள் முதுகை அவனுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடி விழ விழ அவள் வாய் இறுகிக்கொண்டுதான் போனது. அதைப் பார்த்துவிட்டு பெல்ட்டைக் கீழே போட்டான்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அடுப்படிக்குள் போய் அம்மாவை இழுத்து வந்தான்.

“நீதான பெத்த. நீ கேளு இவகிட்ட.”

“ஏட்டி, சொல்லிருடி,” என்றாள் வெள்ளத்தாய்.

கன்னத்தில் அறைந்தான். மகளை இல்லை. அம்மாவை.

“சத்தமாக் கேளு.”

“சொல்லித் தொலைடி பாவி! உன்னப் படிக்க வச்சதுக்கு நான் அடி வாங்கணுமாடி?”

அடுத்த அடியில் வெள்ளத்தாய்க்கு உதடு கிழிந்தது. அவள் மகனைத் திட்டவில்லை. மகளைத்தான் திட்டினாள். அவன் கை ஓங்கும்போதெல்லாம் அவனைப் பார்க்காமல் மகளையே பார்த்துத் திட்டினாள்.

ஆறே ஆறு எண்கள். மாரிசெல்வியின் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் அடி நிற்கும். போன் திறக்கும். ஓசூர் நம்பர் தெரியும், வரமாட்டாள் என்று அவர்களே மறுபடி சொல்வார்கள். இல்லை, அவளையே சொல்ல வைப்பார்கள். அப்புறம் ஆவணி. அப்புறம் நாச்சியாரின் கூடம்.

“நிறுத்து,” என்றாள். “சொல்லுறேன்.”

சங்கிலிப்பாண்டி மூச்சு வாங்கியபடி போனை எடுத்தான். அவள் ஒரு நம்பர் சொன்னாள். பொய் நம்பர். போட்டான், தப்பு என்றது.

“பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன். கடைசி ரெண்டும் எடம் மாறணும்.”

அதுவும் தப்பு. இன்னொன்று சொன்னாள். இன்னொன்று. மறுபடியும் ஒன்று. ஐந்தாவது தப்போடு போன் அவனைக் காத்திருக்கச் சொன்னது. திரையில் எண்கள் இறங்கின.

“என்னட்டி இது?”

“செத்த நேரம் பொறுக்கச் சொல்லுது. அது முடிஞ்சதும் போடு, இந்தத் தடவை சரியாச் சொல்லுறேன்.”

முடிந்தது. போட்டான். தப்பு. இப்போது முன்னைவிட நீளமாகக் காத்திருக்கச் சொன்னது. சங்கிலிப்பாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்குகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பருக்குக் காத்திருப்பது அவனுக்குப் புதுசு. இத்தனை நாளும் தொட்டதும் திறந்ததே. தலையைக்கூடத் தூக்கவில்லை.

இது முடியும்போது அவனுக்குப் புரிந்துவிடும் என்று மாரிசெல்விக்குத் தெரியும். புரிந்ததும் கை யார் மேல் விழும் என்பதும் தெரியும். ஏற்கெனவே விழுந்ததைவிட இரண்டு மடங்கு விழும். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுந்தாள். கதவோரம் போய்ச் செருப்பில் காலை நுழைத்தாள்.

வெள்ளத்தாய் அடுப்படி நிலையில் சாய்ந்திருந்தாள். முந்தியால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தவள் அந்தக் கால்களைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மாரிசெல்வி தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாளா, வா என்று ஆட்டினாளா, அவளுக்கே தெரியாது.

“ஏலே சங்கிலி! போறாடா! பிடிடா அவளை!”

வெள்ளத்தாயைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சமிருக்கிற அடிகள் யாருடையவை என்று அவளும் அறிவாள்.

மாரிசெல்வி ஓடினாள். பட்டப்பகல், தெரு முழுக்க ஆட்கள். ஒருத்தரும் குறுக்கே வரவில்லை, ஒருத்தரும் உதவிக்கும் வரவில்லை. வீங்கிய விரல் ஒவ்வோர் எட்டுக்கும் நெஞ்சுக்குள் வந்து குத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினாள். கையில் ஒரு பைசா இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை என்பது அன்றைக்கு அவளுக்கு வாய்த்த ஒரே நல்ல காரியம். கண்டக்டர் அவள் முதுகைப் பார்த்தார், ஜாக்கெட்டில் கசிந்திருந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சங்கிலிப்பாண்டி பஸ்ஸின் பின்னாலேயே ஓடிவந்தான். பக்கத் தகரத்தில் இரண்டு தடவை ஓங்கி அறைந்தான். வண்டி வேகம் எடுத்தது.

“யாரும்மா அது?” என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

“எங்க அண்ணன்.”

“ஏதும் சாமான விட்டுட்டு வந்துட்டியாக்கும்?”

“ஆமா.”

பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பினான். முதலில் நடந்தான். அப்புறம் ஓட ஆரம்பித்தான். மாரிசெல்வி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.